எந்தச் சங்கம் என்று கேட்டார்கள்

காலையில் பொழுது சரியாக விடிவதற்குள் எங்கள் வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். ஹாரன் அடிக்காது. ஓட்டிவரும் ஹெல்கா என்ற பெண்மணி இறங்கி, பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, "மோர்கன், ஹரிணி" என்று காலை வணக்கம் சொல்வார். என் மகள் ஹரிணிக்கு ஆட்டிசம், பேச்சு வராது. அது ஹெல்காவுக்கும் தெரியும். இருந்தாலும் பதில் சொல்ல ஆகும் நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டை மாட்டிவிடுவார். பன்னிரண்டு வயதுப் பெண் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் எழுப்பிக்கொண்டு வேனில் ஏறுகிறாள். ஒரு கதவு திறக்காது. ஒரு திரைச்சீலை அசையாது. வந்த புதிதில் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. முறைத்துப் பார்ப்பவர் இல்லை, "இன்னா ஆச்சு இந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்பவர் இல்லை. சில மாதங்கள் போனபிறகுதான், இந்தத் தெருவில் அவள் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கில் ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் எங்கள் ஆம்பூரைப் போல இங்கும் ஷூ கம்பெனிகள் நிறைய இருந்தனவாம். இப்போது தோலுக்கான ரசாயனம் விற்கும் கம்பெனி ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதில் என் கணவருக்கு வேலை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் கற்றுக்கொண்டது அவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது. ஹரிணியின் பள்ளியைப் பற்றிக் குறையே சொல்லமுடியாது. ஊஞ்சல் கட்டிய அறை உண்டு, வெளிச்சம் குறைந்த அறை உண்டு, அவளோடு நாள் முழுக்கக் கூடவே இருக்க ஒரு பெண் உண்டு. அந்தப் பெண்ணின் வேலைக்கு 'ஷூல்பெக்லைட்டுங்' என்று பெயர். பள்ளித் துணை என்று சொல்லலாம். அதற்குப் பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் உண்டு.

போன வருடம் பள்ளியில் ஒரு கூட்டம். ஹரிணிக்கு இன்னும் என்ன தேவை என்று பேசுவதற்காக அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மெல்லிய குரல், பொறுமையான முகம். "இந்தியாவில் உங்களுக்கு யார் உதவியாக இருந்தார்கள்?" என்று கேட்டார்.

"ஷாஹிதாக்கா" என்றேன்.

"அவர் தெரபிஸ்டா?"

"இல்லை. ஷூ தைப்பவர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த ஃபெரைன்?" என்றார். ஃபெரைன் என்றால் சங்கம். இந்த நாட்டில் பாடுவதற்கும் ஒரு சங்கம், முயல் வளர்ப்பதற்கும் ஒரு சங்கம். உதவி என்றால் அது ஏதோ ஒரு சங்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். "சங்கம் இல்லை. பள்ளிக்கூட வராண்டா" என்றேன். என் ஜெர்மன் மேல் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் அத்தோடு போயிற்று. அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யட்டுமா என்று அன்பாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அன்று அவரிடம் சொல்லமுடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் முதலில் தனியாகத்தான் ஜெர்மனிக்கு வந்தார். எங்களுக்கு விசா கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை நானும் ஹரிணியும் ஆம்பூரில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை வீட்டில் இருந்தோம். மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் எனக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வேலூர் ஆஸ்பத்திரியில் ஹரிணியைப் பார்த்த டாக்டர், மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை நம்பி, தெருமுனையில் இருந்த நகராட்சித் தொடக்கப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தலைமையாசிரியை நல்லவர். மறைத்துப் பேசத் தெரியாதவர். "சேத்துக்கறேம்மா. சேத்துக்கக் கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமையும் இல்ல. ஆனா அஞ்சு கிளாசுக்கு நாங்க ரெண்டே பேரு. இவ கேட்டத் தாண்டி ரோட்டுக்கு ஓடிட்டா யாரு புடிக்கறது? கூட ஒரு ஆளு இருந்தா எனக்கு பயமில்ல" என்றார். கூட இருக்கும் ஆள் நான்தான் என்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வாடகைக்கு வழியில்லை. கணவருக்கு அப்போது ஜெர்மனியில் பயிற்சிக்காலம், சம்பளம் குறைவு.

பக்கத்து வீட்டில் ஷாஹிதாக்கா இருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று. ஹரிணி காலையில் கத்துவது அவருக்குக் கேட்கும். அவர் வீட்டு டி.வி. எனக்குக் கேட்கும். அவர் வீட்டுக்காரருக்குப் பேரணாம்பட்டில் டேனரி வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஏஜெண்ட் கொண்டுவந்து போடும் ஷூவின் மேல்தோலை ஷாஹிதாக்கா வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பார். எங்கள் ஊரில் நிறையப் பெண்கள் அந்த வேலைதான் செய்கிறார்கள். அன்று சாயங்காலம் வாசலில் நின்று, "இன்னா தேவி, ஸ்கூல்ல இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ பேஜார்? நான் போய் உக்காந்துக்கறேன். இங்க உக்காந்து தைக்கறத அங்க உக்காந்து தைக்கறேன், அவ்ளோதானே" என்றார். சொன்னவரின் முகம் அடுத்த நொடியே மாறியது. "ஆனா இம்ரான்?" என்றார்.

இம்ரான் அவருடைய ஒரே மகன். அப்போது பதினாலு வயது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும் நோய். ஐந்தாம் வகுப்பு வரை அதே நகராட்சிப் பள்ளியில் நடந்துபோய்ப் படித்தவன். பிறகு கால்கள் விட்டுவிட்டன. பெரிய பள்ளி தூரம், அங்கே மாடிப்படி வேறு. அதோடு படிப்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தவிர அவன் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. சக்கர நாற்காலி ஒன்று கட்டிலுக்கு அடியில் காற்றுப்போன டயரோடு மடங்கிக் கிடந்தது. அவனைத் தனியே விட்டுவிட்டு அவர் எப்படி வருவார்? நான் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். ஆனால் அன்று இரவே அம்மாவும் மகனும் பேசியிருக்கிறார்கள். காலையில் இம்ரானே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, நான் வர்றேன். ஆனா பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே போயிடணும். எல்லாப் பசங்களும் போன அப்பறம்தான் திரும்பி வரணும். யாரும் பாக்கக்கூடாது" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தார்கள். நான் பஸ் ஏறுவதற்கு முன்பே மூன்று பேரும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். வராண்டாவுக்குப் படிகள் இருந்தன. சத்துணவு சமைக்கும் அம்மாவும் ஷாஹிதாக்காவும் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றுவார்கள். ஷாஹிதாக்கா பாய் விரித்து, தோலும் ஊசியும் நூலுமாக உட்காருவார். ஹரிணி வகுப்பில் பொறுக்க முடிகிற வரை இருப்பாள். முடியாதபோது வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருப்பாள். கேட்டைப் பார்த்து ஓடினால் ஷாஹிதாக்கா ஊசியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுவார். பள்ளி மணிச் சத்தம் அவளுக்கு ஆகாது. தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். பிள்ளைகளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மணி அடிப்பதற்கு முன் யாராவது ஒரு பிள்ளை ஓடிவந்து, "ஹரிணி, பெல்லு" என்று சொல்லி, தன் காதைப் பொத்திக்காட்டும். அவளும் பொத்திக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

இம்ரான் முதலில் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவைக்கச் சொல்வானாம். பிறகு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை ஜன்னல் வழியாகக் கேட்க ஆரம்பித்தான். வாரம் ஒருமுறை வரும் சிறப்பு ஆசிரியை, ஹரிணிக்காக வந்தவர், இவனைப் பார்த்துவிட்டு விசாரித்தார். அலைந்து திரிந்து பெரிய பள்ளியில் அவன் பெயரைச் சேர்த்து, ஆறாம் வகுப்புப் புத்தகங்களை வராண்டாவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் கல்பனாவிடம் இதைச் சொன்னேன். அவள் மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன், கொத்தனார், வந்து படிக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு சிமெண்ட் தளம் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாற்காலியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனை எப்போது கைவிடப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நான் வேலை முடிந்து இறங்கியபோது, பள்ளி விட்டு வரும் கூட்டத்துக்கு நடுவில் இம்ரானின் நாற்காலியைப் பிள்ளைகள் சண்டைபோட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "மெதுவாடா, மெதுவா" என்று அவன் கத்தியபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

செய்தி பரவி இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது. இன்னொரு பாப்பாவுக்கு வலிப்பு வரும். அம்மாக்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். வராண்டா நிறைந்தது. நிறைந்ததும் புகார் வந்தது. சில பெற்றோர்கள் கூடி, தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது, வெளியாட்கள் பள்ளிக்குள் உட்காரக்கூடாது என்று சொன்னார்கள். அதில் முன்னால் நின்றவர் கல்பனாவின் வீட்டுக்காரர். தலைமையாசிரியை ஒரு கூட்டம் கூட்டினார். "எல்லாரும் வேணாம்னு சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது தேவி" என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று நான் பாதிநாள் லீவு போட்டிருந்தேன்.

கூட்டத்தில் கல்பனாவின் வீட்டுக்காரர் எழுந்தார். கெட்டவர் இல்லை, கோபக்காரர். "என் பொண்ணு வூட்ல வந்து அந்தப் பொண்ணு மாதிரியே கையை ஆட்டுது, கத்துது. எங்களுக்கும் பாவமாத்தான் இருக்குது. அதுக்குன்னு தனியா ஸ்கூல் இருக்குதில்ல? வேலூருக்கு அனுப்பட்டும்" என்றார். பலரும் தலையாட்டினார்கள். ஷாஹிதாக்கா மடியில் இருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். இம்ரான் மட்டும் நிமிர்ந்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வெளியே, வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ் வந்து நின்றது. பள்ளி அதன் நிறுத்தம் அல்ல. கதவு திறந்து, நீலக்கோட்டு போட்ட பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். என் லைனில் இருப்பவர்கள், பக்கத்து லைனில் இருப்பவர்கள், எனக்குப் பேர் தெரியாதவர்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கல்பனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா, அந்தப் பொண்ணு கத்துதா?" என்றாள். "நீ வூட்ல கத்தலையா? உன்ன எந்த ஊருக்கு அனுப்பறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். கல்பனா சிரிக்கவில்லை. "நம்ம பாப்பா கையை ஆட்டுதுன்னு சொல்றியே. பெல் அடிக்கறப்போ ஹரிணிகிட்ட ஓடிப்போய்ச் சொல்றதும் நம்ம பாப்பாதான். அத யாரு கத்துக்குடுத்தா? இங்கதானே கத்துக்குச்சு? அது கெட்டுப்போறதுன்னா கெட்டே போகட்டும்" என்றாள். தலைமையாசிரியை மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ வராண்டா இப்படியே இருக்கட்டும்" என்றார். வெளியே டிரைவர் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார்.

விசா வந்ததும் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஷாஹிதாக்காவிடம் சொல்லத்தான் நாள் எடுத்தது. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "போ தேவி. அங்க எல்லாம் படிச்சவங்க பாத்துப்பாங்கோ. நான் இன்னா செஞ்சேன், சும்மா கூட உக்காந்தேன்" என்றார். ஹரிணி போய்விட்டால் அவர் பள்ளியில் உட்கார என்ன காரணம் சொல்லுவார், இம்ரானின் இடம் என்னாகும் என்ற பயம் எனக்கு இருந்தது. தலைமையாசிரியை அதற்கு இடம் வைக்கவில்லை. வலிப்பு வரும் அந்தப் பாப்பாவின் அம்மாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பாப்பாவை ஷாஹிதாக்கா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

இங்கே ஹரிணி பள்ளிக்குப் போன முதல் நாள் அவளுடைய பள்ளித் துணையைப் பார்த்தேன். தலையைப் பின்னிக் கட்டிய இளம்பெண். ஹரிணியின் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். இந்த வேலை என்ன என்று என் கணவரிடம் கேட்டேன். "கூட உட்கார்றது" என்றார். எனக்கு அழுகை வந்தது, அவர் பயந்துபோனார்.

போன குளிர்காலத்தில் இம்ரான் இறந்துபோனான். சளி நெஞ்சில் இறங்கி, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுத் தசைகள் ஏற்கனவே தளர்ந்திருந்தன. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தானாம். கல்பனா அழுதுகொண்டே அனுப்பிய குரல்பதிவை, ஹரிணிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். வேன் வந்துவிட்டது. ஹெல்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். இறந்துவிட்டான் என்று சொல்ல வார்த்தை தெரிந்திருந்தது. யார் என்று சொல்லத்தான் தெரியவில்லை. தம்பியா என்றார். இல்லை. உறவா? இல்லை. "நாஹ்பார்" என்றேன். அண்டை வீட்டுக்காரர் என்று அர்த்தம். ஹெல்கா அதிர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். அங்கே தனியாக இருக்கும் முதியவர் ஒருவரை நான் தூரத்தில் பார்த்திருக்கிறேன். ஐயோ, இல்லை என்ற பொருளில் "ஓ, நைன்" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். இல்லை, இங்கே இல்லை, ஆம்பூரில் என்று நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. வேனில் மற்ற பிள்ளைகள் காத்திருந்தார்கள். என் கையை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் அழைப்புமணி அடித்தது. திறந்தால் அந்தப் பக்கத்து வீட்டு முதியவரே நிற்கிறார். உயிரோடு. கையில் சின்ன மெழுகுவர்த்தி. ஹெல்கா வேலை முடிந்து, உறவினர் யாராவது வந்திருப்பார்கள் என்று அவர் வீட்டுக்கு இரங்கல் சொல்லப் போயிருக்கிறார். கதவைத் திறந்தது இறந்ததாகச் சொல்லப்பட்டவர். "நான் சாகவில்லை. ஆனால் உங்களுக்கு யாரோ இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது" என்றார், எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக. போனில் இம்ரானின் படத்தைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் சூழ, வாயெல்லாம் சிரிப்பாக. "ஸோ யுங்" என்றார். இவ்வளவு சின்ன வயதா. உள்ளே வரச்சொன்னேன். வரவில்லை. மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்துவிட்டு, பனியில் வழுக்காமல் சுவரைப் பிடித்தபடி திரும்பிப் போனார்.

ஷாஹிதாக்காவோடு பேச எனக்குத் தைரியம் வரச் சில நாட்கள் ஆயின. அழைத்தபோது பின்னணியில் பிள்ளைகள் கூச்சல் கேட்டது. பள்ளியிலிருந்து பேசினார்.

"அதுக்குள்ள ஏங்க்கா வந்தீங்க?" என்றேன்.

"மூணாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிச்சாச்சு. வூட்ல உக்காந்தா அவன் கட்டிலப் பாத்துக்கினே இருக்கணும்" என்றார். "அந்தப் பாப்பா கேட்டாண்டயே நிக்குதாம். நான் வந்தாத்தான் உள்ள போவேன்னு அழுவுதாம். எம்புள்ள போய்ட்டான்னு அதுக்கு இன்னா தெரியும்? அதான் வந்துட்டேன்." பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "நாற்காலியக் கேக்கறாங்கோ, வேற ஒரு புள்ளைக்கு. குடுக்கணும். இன்னிக்கு முடியல தேவி. குடுப்பேன்."

இப்போது ஹரிணியின் பள்ளியில் அவளுக்குப் பேசும் பலகை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். படத்தைத் தொட்டால் அது பேசும். ஜெர்மனில் பேச அதற்குள்ளேயே ஒரு சிறுமியின் குரல் இருக்கிறது. தமிழுக்குக் குரல் இல்லை என்றார்கள். வீட்டில் பேசும் மொழியும் வேண்டும், உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள் என்று பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியை சொன்னார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். தண்ணி குடு. வலிக்குது. போதும். வீட்டுக்குப் போலாம். ஹரிணிக்கு வெகு சீக்கிரம் பழகிவிட்டது. பள்ளியில் அந்தச் சிறுமியின் குரலில் கேட்கிறாள், வீட்டில் என் குரலில் கேட்கிறாள். என் குரலே என்னிடம் தண்ணீர் கேட்கும்போது முதலில் திடுக்கிடும், பழகிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கணவர் கடைக்குப் போயிருந்தார். ஹரிணி பலகையை மடியில் வைத்துக்கொண்டு, தேடித் தேடி, ஒரு படத்தைத் தொட்டாள். "வீட்டுக்குப் போலாம்" என்றது என் குரல்.

"வீட்லதான் கண்ணு இருக்கோம்" என்றேன்.

அவள் மறுபடி தொட்டாள். மறுபடியும். அழவில்லை, கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டாள். நான் எழுந்து அவளுக்குக் கோட்டு மாட்டி, ஷூ மாட்டி, வெளியே கூட்டிக்கொண்டு போனேன். தெருவைத் தாண்டி, ரொட்டிக்கடையைத் தாண்டி, ஆற்றுப் பாலம் வரை போனோம். பாலத்தில் நின்று தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளாகவே திரும்பி, என் கையை இழுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். நானும் சரி, புரிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, குனிந்து அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே என் குரல் கேட்டது.

"வீட்டுக்குப் போலாம்."